திட்ட மேலாண்மைப் பயிற்சியின் வரலாறு

திட்ட மேலாண்மைப் பயிற்சி என்பது, ஒரு பணியைக் குறித்த காலத்திலும் செலவிலும் தரத்திலும் முடிப்பதற்கான முறைகளைக் கற்பிக்கும் தொழிற்கல்வியாகும். இங்கே திட்டம் என்பது தொடக்கமும் முடிவும் உள்ள தனிப்பணியைக் குறிக்கிறது. சர்க்கரை ஆலையில் அன்றாடம் நடக்கும் உற்பத்தி திட்டமன்று. அந்த ஆலையைக் கட்டி முடிப்பது திட்டம். இன்று இப்பயிற்சி மூன்று நிலைகளில் அளிக்கப்படுகிறது. தனித்திட்டத்தை நடத்துவது முதல் நிலை. அதில் உழைக்கும் குழுவை நடத்துவது இரண்டாவது. ஒரு நிறுவனத்தின் திட்டங்கள் அனைத்தையும் ஒரு தொகுப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது. பிரமிடுகளும் பெரிய கோயில்களும் எழுந்த காலத்திலேயே இவ்வேலை இருந்தது. ஆனால் இது தனிப் பாடமாகவும் தேர்வாகவும் சான்றிதழாகவும் மாறியது இருபதாம் நூற்றாண்டில்தான்.

தொடக்கம்: காண்ட் வரைபடம்

இப்பாடத்தின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட் (1861–1919). பொறியியல் துறைக்கு வருமுன் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியவேண்டும் என்பதைக் கிடைமட்டப் பட்டைகளாகக் காட்டும் வரைபடம் அவர் பெயரால் வழங்குகிறது.

அவருடைய மற்றொரு பங்களிப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தொழிலாளர்களைப் பழக்கிப் பயிற்றுவிப்பது பற்றி 1908-இல் அவர் ஒரு கட்டுரை படித்தார். குறித்த வேலையை முடித்த தொழிலாளிக்கு ஊக்கத்தொகை கொடுத்ததோடு, அவருக்குக் கற்றுக்கொடுத்த மேற்பார்வையாளருக்கும் ஊக்கத்தொகை கொடுக்கும் முறையை அவர் நடைமுறைப்படுத்தினார். கீழே உள்ள அனைவரும் தேறினால் மேற்பார்வையாளருக்குத் தொகை கூடும். இதனால் பின்தங்கியவரைத் திட்டுவதைவிட அவருக்குக் கற்றுக்கொடுப்பதே மேற்பார்வையாளருக்கு ஆதாயமானது.

வலைப்பின்னல் முறைகள்

பட்டை வரைபடத்தில் ஒரு குறை இருந்தது. ஒரு வேலை தாமதமானால் வேறு எந்த வேலைகள் பாதிக்கப்படும் என்பதை அது தெளிவாகக் காட்டாது. இக்குறையைத் தீர்க்க 1950-களின் இறுதியில் இரண்டு முறைகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவாயின.

முதலாவது முக்கியப் பாதை முறை. டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் 1957-இல் இதை வகுக்கத் தொடங்கினர். வேதி ஆலைகளின் கட்டுமானத்தையும் பராமரிப்பையும் கணினி உதவியுடன் திட்டமிடுவது அவர்கள் நோக்கம்.

இதன் கருத்தை ஒரு வீடு கட்டும் வேலையைக் கொண்டு விளக்கலாம். கடைக்கால் போட 10 நாள், சுவர் எழுப்ப 20 நாள், தளம் போட 15 நாள் என்று கொள்வோம். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க முடியும். ஆக 45 நாள். அதே வேளையில் தச்சர் தம் பட்டறையில் 25 நாளில் கதவுகளைச் செய்துவிடுவார். தளம் போட்டபிறகுதான் கதவுகளை மாட்ட வேண்டும் என்றால், தச்சருக்கு 20 நாள் அவகாசம் இருக்கிறது. அவரை அவசரப்படுத்திக் கூடுதல் கூலி கொடுத்தாலும் வீடு ஒரு நாள்கூட முன்னதாக முடியாது. கொத்தனார் ஒரு நாள் தவறினால் முழு வேலையும் ஒரு நாள் தள்ளிப்போகும். தாமதத்தைத் தாங்காத அந்த நீண்ட பாதையே முக்கியப் பாதை.

இரண்டாவது பெர்ட் முறை. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் பொலாரிஸ் ஏவுகணைக்காக அமெரிக்கக் கடற்படையின் சிறப்புத் திட்ட அலுவலகம் 1958-இல் இதை உருவாக்கியது. இதுவரை யாரும் செய்யாத வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று எப்படிச் சொல்வது? பெர்ட் முறை மூன்று மதிப்பீடுகளைக் கேட்கிறது. எல்லாம் கூடிவந்தால் 4 வாரம், பெரும்பாலும் 6 வாரம், தடைகள் நேர்ந்தால் 14 வாரம் என்றால், நடு மதிப்பீட்டை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். விடை 7 வாரம்.

பொலாரிஸ் தந்த பாடம்

1960 ஜூலை 20 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் நீருக்கடியிலிருந்து பொலாரிஸ் ஏவுகணையை வெற்றிகரமாக ஏவியது. வெற்றிக்குக் காரணம் பெர்ட் என்ற புகழ் எங்கும் பரவியது. 1962-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் காலத்தோடு செலவையும் சேர்த்துக் கணக்கிடும் பெர்ட் வழிகாட்டியை வெளியிட்டன. அரசு ஒப்பந்தம் வேண்டிய நிறுவனங்கள் தம் பொறியாளர்களுக்கு இம்முறையைக் கற்பிக்க வேண்டியதாயிற்று. பயிற்சி வகுப்புகள் பெருகின.

ஆனால் அரசியல் அறிஞர் ஹார்வி சபோல்ஸ்கி, பொலாரிஸ் பற்றி ஆராய்ந்து 1972-இல் வெளியிட்ட நூல் வேறு சித்திரத்தைத் தந்தது. வேலை நடந்த இடங்களில் பெர்ட்டின் பங்கு பேசப்பட்ட அளவுக்கு இல்லை. திட்டம் திறமையாக நடத்தப்படுகிறது என்ற நம்பிக்கையை வெளியாரிடம் உண்டாக்கி, அவர்களின் தலையீட்டைத் தவிர்க்கவே அது பெரிதும் உதவியது. இலக்கின் தெளிவும், அரசு அளித்த முன்னுரிமையும், பொறியாளர்களின் திறமையுமே வெற்றிக்கு அடிப்படையாக இருந்தன. ஒரு கருவியைக் கற்பதும் ஒரு வேலையைச் செய்து முடிப்பதும் ஒன்றல்ல என்பதை இத்துறை தன் இளமையிலேயே கண்டது.

சங்கங்களும் சான்றிதழும்

ஐரோப்பாவில் இத்துறையினர் 1965-இல் ஒரு பன்னாட்டு அமைப்பாக இணையத் தொடங்கினர். அமெரிக்காவில் 1969-இல் திட்ட மேலாண்மை நிறுவனம் என்னும் பி.எம்.ஐ. தொடங்கப்பட்டது. அது 1984-இல் பி.எம்.பி. என்னும் தேர்வை நடத்தத் தொடங்கியது. பாடப்பொருளைத் தொகுத்து 1996-இல் வழிகாட்டி நூலின் முதற்பதிப்பை வெளியிட்டது. பிரிட்டனில் அரசின் கணினித் திட்டங்களுக்காக 1989-இல் வகுக்கப்பட்ட பிரின்ஸ் முறை, 1996-இல் எல்லா வகைத் திட்டங்களுக்கும் பொருந்துமாறு ‘பிரின்ஸ் 2’ என விரிவாக்கப்பட்டது.

பி.எம்.பி. தேர்வில் கவனிக்கத்தக்க ஒரு விதி உண்டு. படித்தவர் என்பதற்காக மட்டும் யாரும் அதை எழுத முடியாது. 2021-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, நான்காண்டுப் பட்டம் பெற்றவர் 36 மாதங்களாவது திட்டங்களை நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். அனுபவத்தின்மேல் எழுப்பப்பட்டதே பாடம் என்ற எண்ணமே இவ்விதியின் உள்ளுறை.

குழுவை நடத்தும் பாடம்

குழுப் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் இடம்பெறுவது உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-இல் கூறிய நான்கு படிகள்: கூடுதல், மோதுதல், இணங்குதல், செயல்படுதல். 1977-இல் கலைதல் என்ற ஐந்தாம் படியும் சேர்க்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த குழுவில் பூசல் எழுவது தோல்வியின் அடையாளமல்ல என்ற தெளிவை இது புதிய மேலாளருக்குத் தருகிறது. எனினும் டக்மன் ஆராய்ந்த கட்டுரைகளில் பல, உளச்சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. ஆகவே எல்லாப் பணிக்குழுக்களும் இவ்வரிசையிலேயே நடக்கும் என்று கொள்ள முடியாது.

2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் ‘அஜைல்’ அறிக்கையை வெளியிட்டனர். முறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்களுக்கிடையேயான உரையாடலும் மேலானவை என்பது அதன் முதற்கருத்து. இதன் தாக்கம் தேர்வுகளிலும் தெரிந்தது. 2021-இல் மாற்றப்பட்ட பி.எம்.பி. தேர்வில் 42 விழுக்காட்டுக் கேள்விகள் மனிதர்களை நடத்துவது பற்றியவையாக இருந்தன.

திட்டத்தொகுப்பு

ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இல், முதலீடுகளைத் தனித்தனியாக அன்றி ஒரு தொகுப்பாகப் பார்த்து இடரை அளவிட வேண்டும் என்று காட்டினார். 1990-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதே கருத்தை வாரன் மெக்ஃபார்லன் 1981-இல் நிறுவனங்களின் கணினித் திட்டங்களுக்குப் பொருத்தினார். திட்டத்தின் அளவு, தொழில்நுட்பத்தில் நிறுவனத்துக்குள்ள பழக்கம், தேவைகளின் தெளிவு ஆகிய மூன்றையும் கொண்டு இடரைக் கணிக்க வேண்டும் என்றார். எல்லாத் திட்டங்களுக்கும் ஒரே முறை பொருந்தாது என்பதும் அவர் முடிவு. பி.எம்.ஐ. 2006-இல் இதற்கெனத் தனித் தரநூல் வெளியிட்டது. ஒரு திட்டத்தைச் சரியாகச் செய்வது திட்ட மேலாண்மை. செய்யத் தகுந்ததைத் தேர்வதும், தகாததைப் பாதியிலேனும் நிறுத்துவதும் தொகுப்பு மேலாண்மை.

பயிற்சியின் எல்லை

சிட்னி ஓபரா மாளிகையின் கட்டுமானம் 1959-இல் தொடங்கியது. 1963-இல் 70 இலட்சம் டாலர் செலவில் முடிக்கத் திட்டமிடப்பட்ட அது, 1973-இல்தான் 10 கோடியே 20 இலட்சம் டாலர் செலவில் முடிந்தது. காலத்தையும் செலவையும் மட்டும் பார்த்தால் அது பெருந்தோல்வி. இன்றோ அது யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம், அந்நாட்டின் அடையாளம். வெற்றி எது என்பதற்குச் சூத்திரம் மட்டும் விடை தராது.

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு வணிகக் கணிதத்திலேயே வலைப்பின்னல் பகுப்பாய்வு அறிமுகமாகிறது. அங்கே வேலைகளின் நாள்கணக்கு கேள்வியிலேயே கொடுக்கப்பட்டுவிடும். மாணவர் பாதையைக் கண்டறிந்தால் போதும். பணியிடத்தில் அந்த நாள்கணக்கைத் தருபவர்கள் கொத்தனாரும் தச்சரும் பொறியாளரும்தான். தாமதமாகும் என்றால் அதை அஞ்சாமல் முன்கூட்டியே சொல்லும் நிலை அவர்களுக்கு இருக்க வேண்டும். இல்லையெனில் கணக்கு சரியாக இருந்தும் விடை தவறாகவே வரும்.