கிளியும் சிலுகவும்

செகந்தராபாத் புகைவண்டி நிலையத்திற்கு அருகே சிலகலகூடா என்றொரு பேட்டை உண்டு. ரயில்வேப் பணியிலுள்ள நம்மவர் பலர் அதனை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். எனினும் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. தெலுங்கில் 'சிலுக' என்றும் 'சிலக' என்றும் வழங்கும் சொல் கிளியைக் குறிக்கும். 'சிலகல' என்பது 'கிளிகளின்' எனப் பொருள்படும். 'கூடா' என்பது சிற்றூர். தமிழில் கூறின் கிளிப்பாடி எனலாம்.

இச்சொல்லின்பால் நம் கருத்தை ஈர்த்தது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற ஆண்டு நம் இல்லத்துச் சிறுமி, வேப்பமரத்தில் வந்தமர்ந்த கிளியைச் சுட்டி, "அப்பா, சிலுக!" என்று கூவினாள். "கிளி என்று சொல், அயலார் சொல் நமக்கு எதற்கு?" எனக் கடிந்துகொண்டோம். குழந்தை வாய் மூடிவிட்டாள். பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான், கடிந்தது பிழையென அறிந்தோம். சிலுக அயற்சொல் அன்று. நம் கிளியின் உடன்பிறப்பே ஆகும்.

தமிழில் இப்பறவைக்குக் கிளி, கிள்ளை, தத்தை எனப் பெயர்கள் பல. வடமொழியார் சுகம் என்பர். இந்நகரத்து உருது பேசுவோர் தோத்தா என்பர். மலையாளத்தில் கிளி என்பது பறவைக்குப் பொதுப்பெயராகவும் வழங்கும்; பச்சைக்கிளிக்கு அங்குத் தத்த என்பதே வழக்கு. கன்னடத்தில் முதலெழுத்து மெலிந்தொலிக்கக் கிளி என்றும் கிணி என்றும் வழங்கும். பர்ரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி, கிளியையும் கிணியையும் சிலுகவையும் ஒரே தொகுதியில் வைத்துள்ளது.

ககரம் சகரமானது எவ்வாறு? இகர எகர உயிர்களை ஒலிக்குங்கால் நாவின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழுகின்றது. அவற்றின் முன் நிற்கும் ககரமும் அவ்விடத்திற்கு ஈர்க்கப்பட்டுச் சகரமாகின்றது. தெலுங்கில் இம்மாற்றம் பரவலாக நிகழ்ந்தது. தமிழிலும் நிகழ்ந்தது, ஆயின் அடுத்து ட, ள, ழ போன்ற நாவளைத்து ஒலிக்கும் எழுத்து வந்தவிடத்துப் பழைய ககரமே நின்றது. கிளி, கிழங்கு, கெடு, கேள் என்று நாம் கூறுவது இதனாலன்றோ! நம் 'கெடு' என்பது தெலுங்கில் 'செடு' ஆகும்.

ஈண்டு ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. தமிழே திரிந்து தெலுங்காயிற்று என நம் மேடைகளில் முழங்குவோர் உளர். கிளியை மட்டும் நோக்கின் அது மெய்யெனவே தோன்றும். ஆனால் நம் செவி, தெலுங்கிலும் செவி, கன்னடத்திலோ கிவி. நம் சேரி அங்குக் கேரி. நம் செம்மையோடு உறவுடைய சொல் அங்குக் கெம்பு. இவற்றில் பழைய ககரத்தைக் காத்தது கன்னடம். மாறியது நம் தமிழ். ஒவ்வொரு மொழியும் சிலவற்றைக் காத்தது, சிலவற்றை மாற்றிற்று. ஆகவே இவை ஒரு தாய் வயிற்று மக்கள் என்பதே பொருந்தும். 1816இல் காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்திற்கு எழுதிய குறிப்பில் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை இவ்வுறவைக் காட்டினார். 1856இல் வந்த கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் அதனை விரித்துரைத்தது. இத்தகைய ஒலிமாற்றங்களை நுணுகி ஆராய்ந்த பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி (1928–2012), இந்நகரத்து உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர்.

உறவு சொல்லோடு நிற்கவில்லை. கேட்டதையே திருப்பிச் சொல்பவனை நாம் கிளிப்பிள்ளை என்போம்; தெலுங்கரும் அத்தகைய பேச்சைச் 'சிலக பலுகுலு' என்பர். திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் நாள்தோறும் இலைகளால் புதிதாய்ச் செய்த கிளி அமர்கின்றது. அவ்வாண்டாளின் வரலாற்றைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' எனக் காவியமாக்கியவர் கிருஷ்ணதேவராயர்.

இவற்றையெல்லாம் அறிந்தபின், நம் சிறுமியை அழைத்து, "நீ சொன்னதும் சரியே, அம்மா" என்றோம். அவள் சிரித்துவிட்டு, "அப்படியானால் இரண்டையும் சொல்லலாமா?" என்று கேட்டாள். சொல்லலாம் என்றோம். இல்லத்தில் கிளி என்னும் சொல் வழக்கொழியாமல் காப்பது பெற்றோராகிய நம் கடமை. அதன்பொருட்டு, நமக்கு வாழ்வளித்த இந்நாட்டு மக்களின் சொல்லை இகழ்தல் வேண்டா. வாழ்க தமிழ்!