இருமல் இல்லாதவருக்கும் எக்ஸ் கதிரா?

எங்கள் கல்லூரியில் நடந்த இலவச மருத்துவ முகாமுக்குக் கைக்கு அடக்கமான எக்ஸ் கதிர்க் கருவி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார்கள். ஒரு மாணவர் என்னிடம் கேட்டார்: "சார், எனக்கு இருமல் கிடையாது, காய்ச்சல் கிடையாது. என் நெஞ்சை எதற்குப் படம் பிடிக்க வேண்டும்?"

நியாயமான கேள்விதான். இதே கேள்விக்கு மருத்துவ உலகம் ஒரு காலத்தில் 'ஆம், வேண்டும்' என்றது. பிறகு 'வேண்டாம்' என்றது. இப்போது மீண்டும் 'வேண்டும்' என்கிறது. ஏன் இப்படி மாறியது? வாருங்கள், பார்ப்போம்.

காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். 1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். நுரையீரலில் நோய் செய்த சேதத்தை நிழலாகப் பார்க்க வழி பிறந்தது. ஆனாலும் ஊர் மக்கள் எல்லோரையும் படம் பிடிக்க முடியவில்லை. காரணம் என்ன தெரியுமா? ஒளியைக் குவிப்பதுபோல எக்ஸ் கதிரைக் கண்ணாடி வில்லையால் குவிக்க முடியாது. ஆகவே, நெஞ்சின் அளவுக்குப் பெரிய பிலிம் தேவைப்பட்டது. அதன் விலையோ அதிகம்.

1936-இல் பிரேசில் நாட்டு மருத்துவர் மானுவேல் த அப்ரேயு இதற்கு எளிய வழி கண்டார். நெஞ்சை ஊடுருவி வரும் கதிர்களை ஓர் ஒளிரும் திரையில் விழச் செய்தார். திரை அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றியது. அந்த ஒளியைச் சாதாரணக் காமிராவால் 35 மில்லிமீட்டர் பிலிமில் சிறிதாகப் பிடித்தார். பெரிய பிலிமின் பரப்பில் நூறில் ஒரு பங்குகூட இதற்குத் தேவையில்லை. செலவு சரிந்தது, கருவி வண்டியில் ஏறித் தெருவுக்கு வந்தது.

1957-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இந்த முறை திருவிழாவாகவே நடந்தது. ஐந்தே வாரங்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டனர். வந்தவர்களுக்குப் பரிசுக் குலுக்கல்கூட உண்டு! நோய் இருப்பதே தெரியாமல் நடமாடிய பலர் கண்டுபிடிக்கப்பட்டனர். ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியாசிட் ஆகிய மருந்துகள் அப்போது கைக்கு வந்திருந்தன என்பதை மறவாதீர்கள். மருந்து இல்லாமல் நோயை மட்டும் சொல்லி என்ன பயன்?

அந்த மருந்தை ஏழைகளிடம் சேர்க்கும் வழியைக் காட்டியது நம் சென்னை. 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், நோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கியவரைப் போலவே குணமடைகிறார் என்று 1959-இல் உலகுக்கு எடுத்துக் காட்டியது.

பிறகு ஏன் 'வேண்டாம்' என்றார்கள்? ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் பேரில் மூவருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை அந்த மூவரையும் காட்டுகிறது. கூடவே, பழைய தழும்பு முதலியவற்றால் நோயற்ற ஐம்பது பேரையும் சந்தேகிக்கிறது. ஆக, அழைக்கப்பட்ட 53 பேரில் ஐம்பது பேருக்கு வீண் கவலை! நோய் அருகிய நாடுகளில் இந்த விகிதம் இன்னும் மோசமாகும். ஒளிரும் திரையின் ஒளி மங்கலானதால், சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தைவிட அதிகமான கதிர்வீச்சும் தேவைப்பட்டது.

இந்தியாவில் வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் தாமாகவே மருத்துவமனைகளை நாடியிருந்தனர். வாசலுக்கு வந்தவரின் சளியைச் சோதிக்காமல், ஊரெல்லாம் வண்டி ஓட்டுவானேன்? 1974-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, கண்மூடித்தனமாக எல்லோரையும் படம் பிடிப்பதைக் கைவிடச் சொன்னது.

ஆனால் கதை முடியவில்லை. 2019-21-இல் இந்தியாவில் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், சளிச் சோதனையில் உறுதியான நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்ததால்தான் அகப்பட்டனர். அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள். இன்றைய கருவிகளில் பிலிமும் இல்லை, பழைய அளவு கதிர்வீச்சும் இல்லை. படத்தைக் கணினியே படித்துச் சொல்லும் முறையை 15 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பயன்படுத்தலாம் என 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றது.

மாணவருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முகாமுக்குச் சென்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த நோய் நம் ஊரில் பரவலாக உள்ளதா? கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டா? சந்தேகம் வந்தால் உறுதி செய்யும் அடுத்த சோதனை எங்கே நடக்கும்? நம் நாட்டில் காசநோய்க்கு முதல் இரண்டுக்கும் விடை 'ஆம்'. மூன்றாவதற்கு முகாம் நடத்துவோர் விடை சொல்ல வேண்டும். சொல்லும்வரை கேட்பது உங்கள் உரிமை. படத்தில் நிழல் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அது தீர்ப்பு அல்ல. சளியைச் சோதிக்கச் சொல்லும் அழைப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ முகாமுக்காகக் காத்திராதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்த மாணவர் வரிசையில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் நானும் நின்றேன்.