கரையில் நின்று கடல் படித்தோர்

நம் கல்லூரியின் நூற்றாண்டு மலரில் மருத்துவர்களைப் பற்றியும் ஆசிரியைகளைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். உயர்தரத்தில் விலங்கியல் படித்து, மருத்துவபீடத்துக்குப் போகாமல் விஞ்ஞானபீடத்துக்குப் போனவர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. "வெட்டுப்புள்ளி காணாது" என்ற ஒரு வார்த்தையோடு அவர்களுடைய கதையை முடித்துவிடுவது நம் ஊர் வழக்கம். அப்படிப் போனவர்களில் சிலர் கடலுயிரியலைத் துறையாக எடுத்து விரிவுரையாளர்களானார்கள். அந்தப் பாதை எப்படிப்பட்டதென்று இங்கே சொல்ல விரும்புகிறோம்.

கதை மன்னாரில் தொடங்குகிறது. 1891க்குப் பிறகு பல ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடைபெறாமற் போகவே, லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனை அரசு வரவழைத்தது. அவர் 1902 இல் ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற உதவியாளருடன் வந்து முத்துப்பார்களை ஆராய்ந்தார். சேகரித்த உயிரினங்கள் இங்கிலாந்துக்குப் போயின. 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. அதை எழுதியவர்களுள் பெண்களும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஐதராவையொத்த கூட்டுயிர்களைப் பற்றிச் செல்வி தோர்ன்லி 1904 இல் எழுதினார். மென்பவளங்களைப் பற்றி எடித் பிராட் 1905 இல் எழுதினார். நம் கடலைப் பற்றி நம் பெண்கள் எழுதும் காலம் வரப் பின்னும் பல்லாண்டுகள் சென்றன.

முதலில் கொழும்பு, பிறகு பேராதனை என்றே பட்டப்படிப்பு இருந்தது. கடலோரத்தில் பிறந்த பிள்ளை, கடலைப் படிக்க மலைநாட்டுக்கு ரயிலேறிய வேடிக்கையும் நடந்தது. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறந்தபோது விஞ்ஞானபீடம் வட்டுக்கோட்டையில் இயங்கியது. அராலிக் கரை அங்கிருந்து தொலைவில்லை. 1978 இல் மாத்தறையில் ருகுணையும், 1981 இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரியும் வந்தன. ருகுணையில் இன்று மீன்பிடிக்கும் கடல் விஞ்ஞானத்துக்கும் தனிப் பீடமே உண்டு.

பதவிப் படிகள் எல்லாத் துறைக்கும் ஒன்றுதான். சிறப்புப் பட்டத்தில் நல்ல வகுப்பு எடுத்தவர் முதலில் தற்காலிக உதவி விரிவுரையாளர். இடம் வந்தால் தகுதிகாண் விரிவுரையாளர். குறித்த காலத்துக்குள் பட்டமேற்படிப்பை முடித்தால்தான் பதவி நிரந்தரம். அதன் பின்பே சிரேட்ட விரிவுரையாளர், பேராசிரியர். வெளிநாட்டுக்குக் கற்கை விடுமுறையில் போகிறவர் திரும்பி வந்து சேவை செய்வதாக ஒப்பந்தம் எழுதவேண்டும். பிணைக்கு இருவர் கையொப்பமிட வேண்டும். வராவிட்டால் பணம் பிணையாளிகள் தலையில். யுத்த காலத்தில் இந்தக் கையொப்பத்துக்காக எத்தனை மாமாமார் யோசித்தார்கள் என்பதை நம் வயதினர் அறிவர். திரும்பி வராதவர்களைக் குறை சொல்ல நாம் எழுதவில்லை. வந்தவர்களின் துணிவு பெரிது என்று மட்டும் சொல்லுவோம்.

கடலுயிரியலில் பெண்ணுக்கு இன்னொரு தடையும் இருந்தது. வள்ளத்தில் பெண் ஏறினால் மீன் படாது என்று சில கரைகளில் நம்பினார்கள். ஆகவே பெண்கள் கரையிலேயே வேலையைத் தொடங்கினார்கள். விடியற்காலையில் மீன் இறங்குதுறைக்குப் போய், பட்ட மீனில் மாதிரி வாங்கி, நீளம் அளந்து, நிறுத்து, வயிற்றைக் கீறிச் சினையின் பருவத்தைப் பார்த்து எழுதுவார்கள். இதை மாதந்தோறும், ஆண்டு முழுவதும் செய்யவேண்டும். அப்போதுதான் அந்த இனம் எப்போது சினைப்படுகிறது, எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக்கூடாது என்று சொல்லமுடியும். இறாலுக்கும் நண்டுக்கும் இதே முறைதான்.

ஊரடங்கு வந்தால் அந்த மாதம் வெற்றிடம். சில மாதங்கள் விட்டுப்போனால் தொடரே அறுந்தது, திரும்ப முதலிலிருந்து. 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரமும் இல்லை. குளிரூட்டியில் வைக்கும் மாதிரி என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரிய மீன்பிடித் துறையான மயிலிட்டி 1990 முதல் மக்களுக்கு மூடப்பட்டு, 2017 இல்தான் திறந்தது. ஆழ்கடல் எட்டாதபோது கடனீரேரி மிஞ்சியது. இடுப்பளவு நீரில் இறங்கிக் கடற்புல்லையும் கடலட்டையையும் பார்க்கலாம், வள்ளமும் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பல்கலைக்கழகமும் வெளியேறியது. அடுத்த ஆண்டு மீண்டு வந்து வகுப்பை நடத்தியது.

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியலுக்கென்றே துறை இருக்கிறது. இழுவை மடித் தொழில் 2017 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. கடனீரேரியில் கடலட்டைப் பண்ணைகள் பெருகியபோது, நன்மையா தீமையா என்று கரையோர மக்கள் வாதிட்டார்கள். அதற்கு விடை சொல்லப் பழைய அளவீடுகள் வேண்டும். எண்பதுகளில் பட்ட நண்டின் அகலத்தை இனி எவரும் அளக்க முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்நாட்களில் எழுதிய களக் கொப்பியோ ஆய்வேட்டின் பிரதியோ ரொறன்ரோவிலோ லண்டனிலோ கொழும்பிலோ உங்கள் பெட்டிக்குள் கிடந்தால், வீசிவிட வேண்டாம். ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும், மற்றொன்றை நம் கல்லூரி நூலகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.