சிப்பி மணியில் கோத்த உடன்படிக்கை

1651-இல் வெளிவந்த ‘லெவியத்தான்’ நூலில், அரசு இல்லாத மனிதர் எப்படி வாழ்வார்கள் என்பதற்கு தாமஸ் ஹாப்ஸ் அமெரிக்கப் பழங்குடிகளை உதாரணம் காட்டினார். மேலதிகாரம் இல்லாத இடத்தில் எல்லாருக்கும் எல்லாரும் பகை என்ற அவர் கருத்து, பிற்காலத்தில் பன்னாட்டு உறவுக் கோட்பாட்டுக்கு அடித்தளங்களில் ஒன்றானது.

அவர் அப்படி எழுதிய காலத்தில், இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியில் மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனெகா என்ற ஐந்து நாட்டினர் ஒரே கூட்டமைப்பாக வாழ்ந்துவந்தார்கள். ஹோடெனோஷோனி, அதாவது ‘நீளவீட்டார்’ என்பது அவர்கள் தங்களுக்கு இட்ட பெயர். 1722 வாக்கில் டஸ்கரோராவும் சேர, ஆறு நாடுகளாயின.

பழிக்குப் பழி என்று வெட்டி மாய்ந்தவர்களைச் ‘சமாதானத் தூதர்’ என்று அவர்கள் அழைக்கும் ஒருவரும் ஹயவாதா என்பவரும் இணைத்து வைத்தார்கள் என்கிறது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. ஆயுதங்களை ஒரு வெண் பைன் மரத்தடியில் புதைத்தார்களாம். தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதும், தவறினால் நீக்குவதும் குலத்தாய்மார்களின் உரிமை. வெளியாருடன் அவர்கள் கடும் போர்கள் நடத்தியதுண்டு. ஆனால் தங்களுக்குள் சமாதானம் காக்க, மேலே ஓர் அரசன் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அவர்களுடைய பேச்சுவார்த்தை துக்கம் விசாரிப்பதில் தொடங்கும். எதிரில் இருப்பவரின் கண்ணீரைத் துடைத்து, காதடைப்பையும் தொண்டையடைப்பையும் நீக்குவதாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் சிப்பி மணிச் சரம் கொடுப்பார்கள். துயரத்தில் இருப்பவனால் சரியாகப் பார்க்கவோ கேட்கவோ பேசவோ முடியாது என்பது அவர்கள் கண்ட உண்மை. பிரிட்டிஷ் ஆளுநர்களும் இந்த முறைக்கு உட்பட்டே அவர்களுடன் பேசினார்கள்.

உடன்படிக்கையை ‘வாம்பம்’ எனும் மணிப் பட்டையில் பதிந்தார்கள். வெள்ளைப் பரப்பில் இரண்டு ஊதா வரிகள் ஓடும் பட்டை ஒன்று உண்டு. ஒரு வரி ஐரோப்பியரின் கப்பல். மற்றது தங்கள் படகு. ஒரே ஆற்றில் பக்கம் பக்கமாகப் போகலாம், ஒருவர் சுக்கானை மற்றவர் பிடிக்கக் கூடாது.

தன் பகுதியில் வாழ்ந்த ஹோடெனோஷோனி மக்களின் விஷயத்தில் கனடா அந்தச் சுக்கானில் கை வைத்தபோது, கயூகா தலைவர் டெஸ்காஹே 1923-இல் தம் மக்களின் சொந்தக் கடவுச்சீட்டோடு, சர்வதேச சங்கத்திடம் முறையிட ஜெனீவா சென்றார். அயர்லாந்து, எஸ்டோனியா, பனாமா, பாரசீகம் ஆகியவை ஆதரித்தன. பிரிட்டன் தடுத்ததால் அவர் முறையீடு விசாரணைக்கு வரவில்லை. 1924-இல் கனடா அவருடைய மக்களின் மரபுச் சபையை நீக்கித் தேர்தல் சபையைத் திணித்தது. மறு ஆண்டு அவர் காலமானார்.

1994-இல் நேட்டா கிராஃபோர்ட் என்ற அறிஞர், இந்தக் கூட்டமைப்பைப் பன்னாட்டு உறவு ஆய்விதழ் ஒன்றில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகவே ஆராய்ந்தார். ஹாப்ஸின் உதாரணம் பிழை என்பதோடு அது நிற்கவில்லை. கோட்பாடு எந்த மக்களைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு எழுதப்பட்டது என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

ஆங்கிலேயருடன் இருந்த உறவை ஹோடெனோஷோனி மக்கள் வெள்ளிச் சங்கிலி என்றார்கள். கறுக்காமல் இருக்க, அடிக்கடி கூடித் துலக்க வேண்டும். 1794 நவம்பர் 11-இல் அமெரிக்காவுடன் செய்த கனன்டைகுவா உடன்படிக்கை, ஆண்டுதோறும் 4,500 டாலர் மதிப்புள்ள பொருட்கள் தர வேண்டும் என்கிறது. அதன்படி துணி இன்றும் வருகிறது. விலைவாசி உயர்வால் ஆளுக்குக் கிடைக்கும் துண்டு சிறுத்துவிட்டது. ஆனாலும் அதைத் துணியாகவே வாங்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் கனன்டைகுவாவில் கூடி, அந்த உடன்படிக்கையை நினைவுகூர்கிறார்கள்.