பூட்டிய கணினியும் அழையா விளம்பரமும்

காவிரிப்படுகை அரசு அலுவலகங்களில் கணினி வேரூன்றிய வரலாற்றில், பழைய தஞ்சை மாவட்டப் பகுதியிலிருந்து உருவான திருவாரூருக்குத் தனியிடம் உண்டு. 1999 முதல் 2001 வரை ஆட்சியராக இருந்த சி. உமாசங்கர், வட்டாட்சியர் அலுவலகப் பணிகளை அங்கே கணினிக்கு மாற்றினார். இணையம் பரவியபோது துள்ளுசாளரம், அதாவது கேளாமலே திறந்துகொள்ளும் விளம்பரச் சாளரம், எங்கும் தொல்லையானது. விளம்பர வழங்கிகளின் பெயர்களை ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் முகவரிக் கோப்பில் எழுதி, அவற்றைக் கணினியின் சொந்த முகவரியான 127.0.0.1க்கே திருப்பிவிடுவது அன்றைய உத்தி. ஆனால் அக்கோப்பைத் திருத்த நிர்வாகி உரிமை வேண்டும். அலுவலகக் கணினியில் அது எழுத்தருக்குக் கிடைப்பதில்லை (கிடைக்காமலிருப்பதே பாதுகாப்புக்கு நல்லது என்பதையும் மறுப்பதற்கில்லை). 2002இல் டென்மார்க்கின் ஹென்ரிக் ஆஸ்டட் சோரென்சன் உருவாக்கிய ‘ஆட்பிளாக்’ போன்ற, விளம்பரம் தடுக்கும் உலாவி நீட்சிகள், பயனரின் சொந்தக் கோப்புறையிலேயே தங்கக்கூடியவையாதலால், இத்தடையைச் சுற்றிச் சென்றன. உமாசங்கர் பின்னர் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராகி லினக்ஸை முன்னிறுத்தினார். அதனோடு பெரும்பாலும் சேர்ந்தே வரும் ஃபயர்பாக்ஸ் உலாவி அத்தகைய நீட்சிகளுக்கு இயல்பான தாயகமாகும். இன்றோ நீட்சிகளையும் நிர்வாகியே மையக் கொள்கைவழித் தடுக்க முடியும். குரோம் உலாவியும் 2024இல் பழைய வகை நீட்சிகளைப் படிப்படியாக முடக்கத் தொடங்கியது.