இரண்டு கிரவுண்ட் கணக்கு: மயிலாப்பூர், தி.நகர், அடையாறு கட்டட அனுமதிப் பதிவுகளில் ஒப்பந்தக்காரருக்கான வேலை

1. பொருளும் எல்லையும்

கட்டட ஒப்பந்தக்காரருக்கு வேலை பெரும்பாலும் வாய்வழியாகத்தான் வருகிறது. பழைய வாடிக்கையாளர் சொல்வார், இன்ஜினியர் சொல்வார், சிமென்ட் கடைக்காரர் சொல்வார். இந்த வட்டத்துக்கு வெளியே எந்த மனையில் வேலை தொடங்கவிருக்கிறது என்பதை முன்கூட்டியே காட்டும் பொது ஆவணம் கட்டட அனுமதிப் பதிவு. அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் டாட்ஜ் 1891இல் தொடங்கிய நிறுவனம் கட்டுமானத் தகவலைத் திரட்டி விற்பதையே தொழிலாக்கிக்கொண்டது. அங்கே கட்டட அனுமதிகளின் எண்ணிக்கையை மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மாதந்தோறும் வெளியிடுகிறது.

அந்த முறையைச் சென்னையின் பழைய குடியிருப்புகளுக்கு அப்படியே கொண்டுவந்தால் பலன் குறைவு. இங்கே வழக்கமாக எழும் கட்டடத்தின் அளவு, எளிதில் பார்க்கக் கிடைக்கும் பதிவேடுகளின் வரம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம். இதை உணராமல் இணையப் பட்டியலை மட்டும் இறக்கி வைத்துக்கொள்பவருக்குப் பெரிய புரமோட்டர்களின் பெயர்கள் கிடைக்கும். தனக்குப் பொருந்தும் வேலை கிடைக்காது.

2. பதிவு எங்கே உருவாகிறது

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 ஆகிய இரண்டும் அனுமதிக்கு அடிப்படை. பத்தாயிரம் சதுர அடிக்கும் எட்டு வீடுகளுக்கும் மேற்படாத, உயர வரம்புக்கு உட்பட்ட குடியிருப்புக்கு மாநகராட்சியே அனுமதி தரலாம். அதற்கு மேற்பட்டவை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்குப் போகும். 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரடுக்குக் கட்டடம். சி.எம்.டி.ஏ. தன் அனுமதிக் கடிதங்களை இணையத்தில் வெளியிடுகிறது. மாநகராட்சியின் வேலை மண்டலவாரியாகப் பிரிந்திருக்கிறது: மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்திலும், தி.நகரின் பெரும்பகுதி கோடம்பாக்கம் மண்டலத்திலும், அடையாறு அதே பெயருள்ள பதின்மூன்றாம் மண்டலத்திலும் அடங்கும்.

மூன்றாவது ஊற்று ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத அல்லது வீடுகள் எட்டுக்கு மேற்படாத திட்டத்துக்குப் பதிவு கட்டாயமில்லை.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கட்ட இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி என்பதால், ஒரு கிரவுண்ட் மனைக்காரருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். தனக்காகத் தானே கட்டிக்கொள்ளும் குடும்பம் பெரும்பாலும் இந்த வழியில்தான் அகப்படும். மேஸ்திரி வைத்து மொத்த வேலையையும் எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்தக்காரருக்கு இதைவிட நேரான வழி இல்லை என்பது என் கருத்து. ஆனால் மனை விலை உச்சத்தில் இருக்கும் இந்த மூன்று இடங்களிலும் ஒரே மாடியோடு நிறுத்திக்கொள்ள மனம் வருபவர் குறைவு.

3. இரண்டு கிரவுண்ட்

தி.நகரின் உள்தெரு ஒன்றில் இரண்டு கிரவுண்ட் மனையை எடுத்துக்கொள்வோம். 4,800 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 446 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடான எஃப்.எஸ்.ஐ. 2019க்கு முன் 1.5, இப்போது உயரடுக்கு அல்லாத கட்டடத்துக்கு 2. ஆகவே 9,600 சதுர அடி கட்டலாம். தளத்துக்கு இரண்டு வீடு, மூன்று தளம், கீழே கார் நிறுத்த ஸ்டில்ட்: மொத்தம் ஆறு வீடு.

இந்தக் கட்டடம் பத்தாயிரம் சதுர அடிக்குக் கீழே நிற்கிறது, எனவே சி.எம்.டி.ஏ. பட்டியலில் வராது. நிலம் 500 சதுர மீட்டருக்கு உள்ளே, வீடு எட்டுக்கு உள்ளே. எனவே ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதிய வேண்டியதில்லை. சுயசான்று வரம்புக்கோ பெரியது. மாநகராட்சியின் மண்டலப் பதிவு ஒன்றுதான் மிச்சம். பழைய தனி வீட்டை இடித்து, உரிமையாளரும் புரமோட்டரும் கூட்டாகக் கட்டும் அடுக்ககத்துக்கு இதைவிட இயல்பான அளவு இப்பகுதியில் இல்லை. பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கிப் பரப்பைக் கூட்டினால் மட்டுமே அதே மனை சி.எம்.டி.ஏ. பக்கம் நகரும்.

இதில் ஒரு மாற்றம் வரக்கூடும். 2024இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்ட வழிசெய்கிறது. அவை பெரும்பாலும் இரண்டு கிரவுண்டைவிடப் பெரிய மனைகள். அவற்றின் பதிவு நேரே சி.எம்.டி.ஏ.வுக்குத்தான் போகும்.

4. பொருள் வரியைப் படிக்கும் முறை

சி.எம்.டி.ஏ. கடிதத்தில் பொருள் என்று தொடங்கும் ஒரே நீண்ட வாக்கியத்தில் வேண்டிய அனைத்தும் இருக்கிறது: எத்தனை தளம், எத்தனை வீடு, புதிய கதவு எண், பழைய கதவு எண், தெரு, சர்வே எண், பிளாக் எண், கிராமம். தேடுபவர் தடுக்கி விழும் இடம் கிராமம். வருவாய்ப் பதிவில் தி.நகர் மனை மாம்பலம் என்றும், பெசன்ட் நகர் மனை ஊரூர் என்றும் வரலாம். புழங்கும் பெயரை மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். கதவு எண்ணிலும் புதியதைக் கொண்டு தெருவில் தேடி, பழையது எழுதிய கேட்டைக் கடந்து போய்விடுவது எளிது.

அடுத்துப் பார்க்க வேண்டியது விண்ணப்பதாரர். உரிமையாளர் பெயர் மட்டும் இருந்தால் ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுப்பவர் அவராக இருக்கக்கூடும். பெயருக்குப் பக்கத்தில் பவர் ஏஜென்ட் என்ற குறிப்பு இருந்தால் அது பெரும்பாலும் கூட்டுத் திட்டம். முடிவு புரமோட்டர் கையில். அவரிடம் வீடு கட்டித் தருகிறேன் என்று போவதில் பயனில்லை. சென்டரிங், பிளம்பிங், அலுமினியம் ஜன்னல் என்று ஒரு பகுதி வேலையைக் கேட்டுப் போக வேண்டும். ஆறு வீடு என்றால் ஆறு சமையலறை, ஒரு லிஃப்ட், ஒரு சம்ப். விலை சொல்லும் அளவுக்கு விவரம் கைக்கு வந்துவிடுகிறது.

கடிதம் கிடைக்காத மனைக்குத் தெருவே பதிவேடு. அனுமதி விவரத்தை மனையில் பலகையாக வைக்க வேண்டும், இதற்கென்றே சி.எம்.டி.ஏ. பத்தாயிரம் ரூபாய் முன்வைப்பு வாங்குகிறது. மாநகராட்சி அனுமதி பெற்ற மனைகளுக்குப் பச்சை வலையும் புரமோட்டர் பலகையும் அடையாளம். எழுத்தில் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது.

5. தொழிலும் காலமும்

அனுமதி வெளியாகும் நாள் எல்லாத் தொழிலுக்கும் ஒன்றுபோல் பயன்படாது. மண் பரிசோதனைக்காரருக்கும் இடிப்பு ஒப்பந்தக்காரருக்கும் அது தாமதம். பழைய வீட்டின் தேக்குக் கதவும் உத்தரமும் அதற்குள் விலை பேசி முடிந்திருக்கும். போர்வெல், பைலிங், கம்பி வேலைக்கு அது சரியான நேரம். லிஃப்டுக்குச் சற்று முந்தியது. பெயின்டிங்குக்கும் உள் அலங்காரத்துக்கும் ஓராண்டுக்கு மேல் முந்தியதாகவும் இருக்கலாம்; அவர்கள் பட்டியலைத் தேதியோடு வைத்திருந்து, தளம் ஏறுவதைப் பார்த்து வர வேண்டும்.

அனுமதிக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே பஞ்சாங்கம் நிற்கிறது. ஆண்டுக்கு எட்டு வாஸ்து நாட்கள். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி மாதங்களில் ஒன்றுமில்லை. ஆடியில் ஒரு நாள் உண்டு, ஆனாலும் பல குடும்பங்கள் ஆடியைத் தவிர்ப்பார்கள். புரட்டாசியில் கையெழுத்தான அனுமதிக்கு அடுத்த வாஸ்து நாள் ஐப்பசியில்தான். அப்போது வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். 1920களில் ஏரிப் பரப்பை மனைகளாக்கி உருவான தி.நகரில் அந்த மழையில் குழி தோண்டத் தயங்குபவர் தை வரை காத்திருப்பார். காலத்தோடு இடத்தையும் பார்க்க வேண்டும்: மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய பகுதிக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. அங்கே லிஃப்ட் நிறுவனத்தாருக்கு எதிர்பார்ப்பு குறைவாகவே இருக்க வேண்டும்.

6. பெயரைப் பயன்படுத்துவதன் வரம்பு

அனுமதிக் கடிதத்தில் இருப்பது உண்மையான மனிதரின் பெயரும் முகவரியும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, சட்டக் கடமையால் பொதுவில் வெளியான தரவுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அந்தப் பெயருக்கு வேறெங்கோ தொலைபேசி எண் வாங்கிச் சேர்த்தால் அந்த எண்ணுக்கு விலக்கு தொடராது. வணிக அழைப்புகளைக் கட்டுப்படுத்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளும் உள்ளன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் முதியவர்கள் இப்பகுதிகளில் நிறைய. வீட்டை இடிக்க ஒப்புக்கொண்ட ஒருவருக்கு ஒரே வாரத்தில் முகம் தெரியாத இருபது பேர் போன் செய்வது அவரை அச்சுறுத்தும். தொழிலுக்கும் கெட்ட பெயர். வரைபடத்தில் கையொப்பமிட்ட பதிவுபெற்ற பொறியாளரின் அலுவலகத்துக்கோ புரமோட்டரின் அலுவலகத்துக்கோ, அனுமதி எண்ணைக் குறிப்பிட்டு, முடித்த வேலைகளின் முகவரியோடும் சதுர அடி விலையோடும் ஒரு பக்கக் கொட்டேஷன் கொடுத்துவிட்டு வருவது முறை. வேலை யாருக்கு என்பதில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பும் அதிகம்.