தோல்வியும் வாசல் திறக்கும் ‘பேட்டில் ராப்’ களம்

இரு ராப் கலைஞர்கள் நேருக்கு நேர் நின்று, எதுகை வரிகளால் ஒருவரையொருவர் தாக்கும் சொற்போரே ‘பேட்டில் ராப்’. பார்வையாளர்களின் ஆரவாரமோ நடுவர்களின் தீர்ப்போ வெற்றியாளரைத் தீர்மானிக்கும்.

கடந்த 1981-ஆம் ஆண்டு நியூயார்க்கின் ‘ஹார்லெம் வேர்ல்ட்’ அரங்கில், கூட்டத்தைக் குதூகலப்படுத்துவதில் பெயர்பெற்ற பிஸி பீயை, கூல் மோ டீ கூர்மையான வரிகளால் வீழ்த்தினார். ஆரவாரத்தைவிடச் சொல்திறனே முக்கியம் என்பதை உணர்த்திய திருப்புமுனையாக அது கருதப்படுகிறது.

பெரிய இசை நிறுவனங்களின் ஆதரவு கிட்டாத கலைஞர்களுக்கு இக்களமே நுழைவாயில். ஒலிப்பதிவுக் கூடமோ பெரும் முதலீடோ இதற்குத் தேவையில்லை. டெட்ராய்ட் நகரில் ‘ஹிப் ஹாப் ஷாப்’ என்ற துணிக்கடையில் நடைபெற்ற போட்டிகளை ராப் கலைஞர் ப்ரூஃப் தொகுத்து வழங்கினார். அங்கு திறன் தீட்டிய எமினெம், 1997-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ‘ராப் ஒலிம்பிக்ஸ்’ போட்டியில் இரண்டாம் இடமே பெற்றார்.

எனினும், அங்கு இசை நிறுவன ஊழியர் ஒருவரின் கைக்குச் சென்ற அவரது ஒலிப்பதிவு, பின்னர் தயாரிப்பாளர் டாக்டர் டிரேயை எட்டியது. இருவரும் இணைந்து பணியாற்றி 1999-இல் வெளியான ‘தி ஸ்லிம் ஷேடி எல்பி’ தொகுப்பு, சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றது.